ஆப் விற்றுப் பணக்காரன் ஆவது எப்படி? முதலில் 2,499 ரூபாய் வாங்கிப் பழகுவோம்

ஜோஹோ, ஃபிரெஷ்வொர்க்ஸ் போன்ற மென்பொருள் நிறுவனங்களின் கதைகளைக் கேட்டுச் சூடேறி வந்திருந்தால், முதலில் ஒரு கணக்கு. நான் விற்பது தையல் கடைகளுக்கான ‘அளவு நோட்டு’ என்ற ஆப். வாடிக்கையாளரின் அளவு, டெலிவரி தேதி, பாக்கித்தொகை, அவ்வளவுதான். வருடத்துக்கு 2,499 ரூபாய். பேமென்ட் கேட்வே (இணையத்தில் நமக்காகப் பணம் வாங்கித் தரும் சேவை) 2 சதவீதம் பிடிக்கும். அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 59 ரூபாய் போக 2,440 கைக்கு வரும். மாதம் ஒரு லட்சம் பார்க்க 492 கடை வேண்டும். என்னிடம் இருப்பது 61. அதனால் இந்த 61 பேரிடம் ஒழுங்காகக் காசு வாங்கிய கதையை மட்டும் சொல்கிறேன்.

படி 1: புரோகிராம் எழுதும் முன்பே விற்றுவிடுங்கள்

நான் கூகுள் ஷீட்டில் நாலு நெடுவரிசை போட்டு மூன்று கடைக்காரர்களிடம் காட்டினேன். முதல் அண்ணன் “சூப்பரா இருக்கு தம்பி” என்றார். பாராட்டுக்குக் காசு கிடையாது என்பதால் எல்லாரும் தாராளமாகத் தருவார்கள். இரண்டாமவர் 500 ரூபாய் அட்வான்ஸ் எடுத்து நீட்டினார். அன்றைக்கு ராத்திரிதான் லேப்டாப்பைத் திறந்தேன்.

படி 2: கேட்வே கணக்கு

நான் ரேசர்பே என்ற கேட்வேயை வைத்திருக்கிறேன். பான், வங்கிக் கணக்கு மட்டும் போதாது. உங்கள் தளத்தில் விதிமுறைகள், தனியுரிமை, ரீஃபண்ட், தொடர்பு எண் எல்லாவற்றுக்கும் பக்கம் இருக்க வேண்டும். ஆப் முடியட்டும் என்று காத்திருக்காமல் இப்போதே விண்ணப்பியுங்கள்.

படி 3: ஆப்

லாராவெல் (பிஎச்பி மொழியில் ஆப் கட்ட உதவும் சட்டகம்), மைஎஸ்கியூஎல் (தகவல் சேமிக்கும் டேட்டாபேஸ்), சின்னதாக ஒரு விபிஎஸ் (வாடகை சர்வர்). லாகின், ஃபார்ம் எல்லாம் உங்களுக்கே தெரியும், தாண்டுகிறேன். திரையை அமைக்கும் ரியாக்ட் வேண்டுமா என்று கேட்காதீர்கள். பிளவுஸ் அளவைக் காட்ட அது எதற்கு?

படி 4: காசு வாங்குவது

ஆர்டரை உங்கள் சர்வரில் உருவாக்குங்கள். தொகையை பிரவுசரிலிருந்து வாங்கினால் யாராவது அதை ஒரு ரூபாயாக மாற்றி அனுப்புவார்கள். தொகை பைசாவில் போக வேண்டும். 2499 என்று அனுப்பினால் 24 ரூபாய் 99 பைசாதான் வரும். 249900 என்று அனுப்புங்கள்.

மாதச் சந்தா வைக்காதீர்கள் என்பது என் கட்சி. தானாகப் பிடிக்கும் சந்தாவுக்கு ரிசர்வ் வங்கி விதிப்படி முதலில் ஒப்புதல் வாங்க வேண்டும். பிறகு ஒவ்வொரு முறையும் பணம் பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் போக வேண்டும். அந்த எஸ்எம்எஸ்ஸைப் பார்த்துவிட்டு “என்ன தம்பி, காசு எடுக்கப்போறியாமே” என்று போன் வரும். வருடத்துக்கு ஒருமுறை அவர்களே கட்டட்டும்.

படி 5: வெப்ஹூக் (இங்கேதான் நான் விழுந்தேன்)

பணம் கட்டியதும் பிரவுசர் ‘நன்றி’ பக்கத்துக்கு வரும், அங்கே கணக்கைத் திறந்துவிடலாம் என்று எழுதியிருந்தேன். லேப்டாப்பில் கச்சிதமாக ஓடியது. கடைக்காரர்களோ போனில் கட்டுகிறவர்கள். ஜிபே திறக்கும், பின் போடுவார்கள், டிக் வந்ததும் போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு கத்தரியை எடுப்பார்கள். என் நன்றி பக்கத்துக்கு யாருமே திரும்பவில்லை. “தம்பி, காசு போயிருச்சு, ஆப்பு திறக்கல.” அந்த ‘ஆப்பு’ எனக்குத்தான்.

பணம் வந்ததை கேட்வேயின் சர்வர் நம் சர்வருக்கு நேராகச் சொல்வதுதான் வெப்ஹூக். ‘ஆர்டர்.பெய்ட்’ நிகழ்வு வந்தால் மட்டும் கணக்கைத் திறந்துவிடுங்கள். இதில் எனக்கு மூன்று ராத்திரி போனது.

முதல் ராத்திரி 419 பிழை. வெளித்தளங்களிலிருந்து வரும் போலிக் கோரிக்கைகளைத் தடுக்கும் லாராவெலின் சிஎஸ்ஆர்எஃப் காவல், கேட்வேயையே வாசலில் நிறுத்திவிட்டது. வெப்ஹூக் பாதையை, அந்தக் காவல் இல்லாத ஏபிஐ ரூட்களுக்கு (சர்வர்கள் பேசிக்கொள்ளும் பாதைகள்) மாற்றினால் தீர்ந்தது.

இரண்டாம் ராத்திரி, கையொப்பம் (செய்தி கேட்வேயிடமிருந்துதான் வந்தது என்று காட்டும் குறியீடு) பொருந்தவில்லை. வெப்ஹூக்குக்கு என்று கேட்வேயின் டேஷ்போர்டில் நாமே ஒரு ரகசியச் சொல் வைக்கிறோம். அது, நம் ஆப் கேட்வேயுடன் பேசப் பயன்படும் ஏபிஐ கீயின் ரகசியம் இல்லை. நான் கீயின் ரகசியத்தைப் போட்டிருந்தேன்.

மூன்றாம் ராத்திரி, சரியான ரகசியம் போட்டும் அதே பிழை. வந்த ஜேசானை (செய்தி வரும் எழுத்து வடிவம்) பிரித்து, திரும்பக் கோத்து, அதற்குக் கையொப்பம் கணக்கிட்டுக்கொண்டிருந்தேன். பிஎச்பி திரும்பக் கோக்கும்போது சாய்கோட்டுக்கு முன்னால் ஒரு பின்சாய்கோட்டைச் சேர்த்துவிடும். ஒரு எழுத்து மாறினாலும் கையொப்பம் மொத்தமும் மாறும். பிரிப்பதற்கு முன், வந்தது வந்தபடியே எடுத்து எச்மேக் ஷா256 முறையில் கையொப்பத்தைக் கணக்கிடுங்கள்.

ஒரே செய்தி இரண்டு முறையும் வரலாம். நிகழ்வு எண்ணைத் தனி டேபிளில் யூனிக் ஆக வையுங்கள். இல்லாவிட்டால் 2,499 ரூபாய்க்கு இரண்டு வருடம் ஓட்டுவார்கள். எனக்கு ஒருவர் ஓட்டுகிறார், நான் சொல்லவில்லை.

சேர்க்கை: ஜி.எஸ்.டி பதிவு உடனே வேண்டுமா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். தமிழ்நாட்டில் சேவைக்கு ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டினால் கட்டாயம். நான் இன்னும் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இன்னொரு சேர்க்கை: “சோதனையில் எல்லாம் ஓடுகிறது, லைவில் வெப்ஹூக் வரவே இல்லை” என்று நாலு பேர் கமென்ட் போட்டிருக்கிறார்கள். கேட்வேயில் டெஸ்ட் (சோதனை) வேறு, லைவ் (உண்மைப் பணம்) வேறு. கீயை மாற்றினால் மட்டும் போதாது, லைவ் பக்கத்தில் வெப்ஹூக் முகவரியையும் மறுபடி பதிய வேண்டும். பதிந்ததும் உங்கள் சொந்த போனிலிருந்து ஒரு ரூபாய் கட்டிப் பாருங்கள், டிக் வந்த உடனே பிரவுசரை மூடிவிட்டு.