ஆர்க்டிக் ஏரிச் சேற்றை அவசரமாகப் படிக்காதீர்கள்

ரஷ்யாவின் வடகிழக்கு மூலையில், சுக்கோட்காவில் எல்கிகித்கின் என்றொரு ஏரி உள்ளது. சுமார் 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன் விண்கல் மோதி உண்டான பள்ளம் அது. பனிப்பாறைகள் அதைச் சுரண்டாததால், அன்று முதல் படிந்த வண்டல் கலையாமல் கிடக்கிறது. 2009-இல் உறைந்த ஏரியின்மேல் துளைக்கருவியை நிறுத்தி அந்த வண்டலை வெளியே எடுத்தார்கள். இத்தகைய சேறுதான் ஆர்க்டிக்கின் பழைய தட்பவெப்பத்துக்குச் சாட்சி. கிடைத்தற்கரிய அந்தச் சாட்சியைப் பிழையாகப் படிப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

பெரும்பாலான பிழைகள் வயதில் தொடங்குகின்றன. சேற்றை மொத்தமாக அள்ளி ரேடியோகார்பன் சோதனைக்கு, அதாவது எஞ்சியிருக்கும் கதிரியக்கக் கார்பனை அளந்து வயதைக் கணக்கிடும் சோதனைக்கு, அனுப்பாதீர்கள். நிரந்தர உறைமண்ணில் செத்த செடிகள் பல்லாயிரம் ஆண்டுகள் மக்காமல் கிடக்கும். மண் இளகும்போது அந்தப் பழைய கார்பன் ஓடைவழியே வந்து புதுச் சேற்றோடு கலந்துவிடும். அண்மையில் படிந்த அடுக்குகூட ஆயிரக்கணக்கான ஆண்டு வயது காட்டும். நீர்வாழ் பாசிகளையும் கண்மூடி நம்பக் கூடாது. சுண்ணாம்புப் பாறைப் பகுதிகளில், நீரில் கரைந்த பழைய கார்பனை அவை உறிஞ்சிக்கொள்ளும். கரையில் வளர்ந்து உதிர்ந்த இலை, விதை ஆகியவற்றைப் பொறுக்கி அளப்பதே நல்லது. மரங்களற்ற குளிர்நிலமான துந்திராவில் அவை அரிதுதான். ஆனாலும் பொறுமையாகச் சலித்துத் தேடுங்கள். சுள்ளி கிடைத்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள், அதுவும் உறைமண்ணிலிருந்து அரித்து வந்ததாக இருக்கலாம். மெல்லிய இலை முழுதாகக் கிடைத்தால் அது நெடுங்காலம் அலைந்ததாக இருக்காது.

கடைசி நூற்றைம்பது ஆண்டுகளின் வயதை அறிய, ஈயத்தின் கதிரியக்க வடிவமான ஈயம்-210 கைகொடுக்கும். அணுகுண்டுச் சோதனைகளால் 1963-ஐ ஒட்டி உச்சம் காட்டும் சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் அதைச் சரிபார்க்க உதவும். ஆனால் கூழாக இருக்கும் அந்த மேல்பகுதி கனமான துளைக்குழாய் இறங்கும்போதே கலங்கிப்போகும். அது போனால் வெப்பமானிப் பதிவுகளோடு ஒப்பிட வழியே இல்லை. அதற்கென இலேசான குழாயைத் தனியாக இறக்குங்கள்.

சில ஏரிகளில் ஆண்டுக்கு ஓர் அடுக்கு படியும் என்று வைத்து வயதை எண்ணுவார்கள். அப்படி அடுக்குகளை எண்ணும்போதும் நிதானம் தேவை. கோடையில் ஒரு பெருமழை பெய்தால் ஒரே ஆண்டில் கூடுதல் அடுக்கு படியும். அடுக்கு தடித்திருப்பதாலேயே அந்த ஆண்டு வெப்பமானது என்றும் சொல்ல முடியாது. மகரந்தமோ காற்றில் வெகுதூரம் வரும். பைன் மகரந்தம் கிடைத்ததால் பக்கத்தில் பைன் மரம் நின்றது என்றாகாது.

எந்த இனம் எந்த வெப்பத்தில் வாழும் என்பதை வைத்து, சேற்றிலுள்ள பூச்சிப் புழுக்களின் தலை ஓடுகளிலிருந்து கணக்கிடுவது கோடை வெப்பத்தை. எல்கிகித்கின் ஆண்டில் சுமார் 9 மாதம் உறைந்தே கிடக்கும் ஏரி. அங்கே கிடைக்கும் கோடை வெப்பக் கணக்கை ஆண்டுச் சராசரி என்று எழுதினால் குளிர்காலமே கணக்கிலிருந்து விடுபட்டுவிடும்.

மனிதக் கைவேலையையும் மறக்காதீர்கள். பின்லாந்தின் கோர்த்தயார்வி ஏரியில் அண்மை நூற்றாண்டுகளின் படிவை வேளாண்மை குலைத்துவிட்டது என்று அதை ஆராய்ந்தவர்களே 2003-இல் எச்சரித்திருந்தார்கள். அங்கே அடர்த்தி குறைந்த அடுக்குதான் வெப்பத்தைக் காட்டும். 2009-இல் வெளிவந்த ஆர்க்டிக் வெப்பநிலைத் தொகுப்பு ஒன்றில் அந்தப் பதிவு வெப்பத்தைக் குளிராகக் காட்டும்படி தலைகீழாகச் சேர்க்கப்பட்டு, பிறகு திருத்தப்பட்டது. மற்ற ஏரிகளின் பதிவுகளும் இருந்ததால் தொகுப்பின் முடிவு மாறவில்லை.