பகடை கிரிக்கெட் விளையாடிக் கணக்குப் பழகுவது எப்படி?

மூன்றாம் வகுப்பு முதல் ஆறாம் வகுப்பு வரை படிக்கும் குழந்தைகளுக்கு ஒரு பகடை, ஒரு நோட்டு, ஒரு பென்சில் ஆகிய மூன்றையும் வைத்தே கூட்டல், கழித்தல், வகுத்தல் தொடங்கி நிகழ்தகவு வரை பழக்கிவிடலாம். பெரியவர்கள் ஒன்றில் மட்டும் உறுதியாக இருக்க வேண்டும்: பகடையை யார் உருட்டினாலும் சரி, ஸ்கோர் நோட்டைக் குழந்தைதான் எழுத வேண்டும். விழுந்த எண்ணை எங்கே எழுதுவது, யார் கணக்கில் சேர்ப்பது என்று குழந்தையே முடிவெடுக்கும்போதுதான் கற்றல் நடக்கிறது.

முதலில் பகடையைச் செய்துகொள்ளுங்கள். தடித்த அட்டையில் 3 செ.மீ. பக்கமுள்ள நான்கு சதுரங்களை ஒரே வரிசையில் வரைந்து, இரண்டாவது சதுரத்தின் இருபுறமும் ஒவ்வொரு சதுரம் சேர்த்து, ஒட்டுவதற்கு ஓரம் விட்டு வெட்டுங்கள். எதிரெதிர் முகங்களைக் கூட்டினால் 7 வர வேண்டும் என்பதால், எந்தச் சதுரம் எதற்கு எதிரே அமையும் என்பதை ஒட்டுவதற்கு முன்பே குழந்தை யோசித்து எண்களை எழுதட்டும். ஒட்டிக் காய்ந்தபின் 60 முறை உருட்டி, ஒவ்வொரு எண்ணும் எத்தனை முறை விழுந்தது என்று நேர்க்கோட்டுக் குறிகளால் பதியச் சொல்லுங்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10 முறை வந்தால் பகடை நன்றாக இருக்கிறது. ஏதாவது ஒரு எண் 20 முறைக்கு மேல் வந்தால் ஒரு பக்கம் கனம் கூடியிருக்கக்கூடும், வேறொன்று செய்துகொள்வதே நல்லது.

ஆட்ட விதிகள் எளியவை. 1, 2, 3, 4, 6 விழுந்தால் அத்தனை ரன். 5 விழுந்தால் பந்து வீசும் அணி ‘அவுட்’ கேட்கிறது என்று பொருள். மறுபடி உருட்டி, ஒற்றைப்படை எண் வந்தால் விக்கெட், இரட்டைப்படை எண் வந்தால் ரன் இல்லாத பந்து. அணிக்கு 4 ஓவர், 3 விக்கெட் போதும். நூறைத் தாண்டாத கூட்டல்களே பெரும்பாலும் வரும்.

இனி ஸ்கோர் எழுதும் முறை. இதற்குத்தான் பொறுமையாக நேரம் கொடுக்க வேண்டும். நோட்டின் இடப்பக்கத்தில் மட்டையாளர்களின் பெயர்களையும், வலப்பக்கத்தில் ஓவருக்கு ஆறு கட்டங்களையும் வரையுங்கள். கவினும் மலரும் ஆடும் முதல் ஓவரில் 4, 1, 6, ரன் இல்லை, 2, 3 என்று விழுந்ததாக வைத்துக்கொள்வோம். கவின் முதலில் 4 அடிக்கிறான், அடுத்த பந்தில் 1 ஓடியதால் மலர் எதிர்கொள்ளும் முனைக்கு வருகிறாள், மிச்சம் நான்கு பந்துகளும் அவளுடையவை. ஆக, கவின் 5, மலர் 11. கடைசிப் பந்தில் 3 ஓடி இடம் மாறினாலும் ஓவர் முடிந்து முனையும் மாறுவதால், அடுத்த ஓவரையும் மலரே தொடங்குவாள். இங்கே குழந்தைகள் தடுமாறுவார்கள். இரண்டு பொத்தான்களைத் தரையில் வைத்து நகர்த்திக் காட்டினால் விளங்கிவிடும்.

இன்னிங்ஸ் முடிந்ததும் மட்டையாளர்களின் ரன்களைத் தனியாகவும், ஓவர்களின் ரன்களைத் தனியாகவும் கூட்டச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றாக வர வேண்டும். வராவிட்டால் நீங்கள் திருத்தாதீர்கள். பிழை எந்தப் பந்தில் நுழைந்தது என்று பின்னோக்கித் தேடிக் கண்டுபிடிப்பது, பத்துக் கூட்டல் கணக்குகளைச் செய்வதைவிடப் பயனுள்ள பயிற்சி என்பது என் உறுதியான கருத்து.

இரண்டாம் அணி ஆடும்போது ஒவ்வொரு பந்துக்கும் பிறகு “இன்னும் எத்தனை ரன், எத்தனை பந்து?” என்று கேளுங்கள். இலக்கு 59, 2.3 ஓவரில் (அதாவது இரண்டு ஓவர், மூன்று பந்தில்) 31 எடுத்திருந்தால், 24 பந்துகளில் 15 போய்விட்டன. 9 பந்துகளில் 28 ரன் வேண்டும். நான்காம் வகுப்புக்கு மேல் இருப்பவர்கள் ரன் விகிதத்தையும் வகுத்துப் பார்க்கலாம், ஆனால் 2.3 என்பதை அப்படியே வகுத்தால் விடை தவறும். ஓவருக்கு ஆறு பந்துகள் என்பதால் மூன்று பந்துகள் அரை ஓவர்; வகுக்க வேண்டியது 2.5 ஆல். 31ஐ 2.5 ஆல் வகுத்தால் 12.4 வரும். புள்ளிக்குப் பின்னால் உள்ள எண் எப்போது பத்தில் ஒரு பங்கு, எப்போது ஆறில் ஒரு பங்கு என்று பிரித்தறிவதற்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஆட்டம் முடிந்தபின் ஸ்கோர் நோட்டைப் பார்த்து ஐந்து வரியில் ஆட்டச் செய்தி எழுதச் சொன்னால், மொழிப் பயிற்சியும் கூடவே ஆகிவிடும்.

சில வாரங்கள் பழகியபின், வீட்டில் தாயக்கட்டை இருந்தால் எடுங்கள். ஒவ்வொரு கட்டையிலும் 0, 1, 2, 3 என்று நான்கு முகங்கள் இருப்பதால் இரண்டு கட்டைகளும் 16 விதமாக விழலாம். அந்தப் பதினாறையும் நான்குக்கு நான்கு கட்டத்தில் குழந்தை நிரப்பட்டும். கூட்டுத்தொகை ஒன்றாக வரும் தாயம் இரண்டு கட்டங்களிலும், மூன்று என்ற கூட்டுத்தொகை நான்கு கட்டங்களிலும், இரண்டு முகங்களும் வெறுமையாக விழும் பன்னிரண்டு ஒரே கட்டத்திலும் வருவதை அது தானே கண்டுகொள்ளும். அதன் பிறகு, எந்தக் கூட்டுத்தொகைக்கு விக்கெட், எதற்கு ஆறு ரன் என்று புதிய கிரிக்கெட் விதிகளை வகுக்கும் பொறுப்பைக் குழந்தையிடமே விட்டுவிடுங்கள். விக்கெட்டை மூன்றுக்கு வைத்தால் அணி சீக்கிரம் சுருண்டுவிடும், பன்னிரண்டுக்கு வைத்தால் விக்கெட்டே எளிதில் விழாது என்பதை இரண்டு ஆட்டங்கள் ஆடிப் பார்த்து, விதிகளை மாற்றி எழுதட்டும்.