முதல் திரைக்கதையும் மனத்தில் இருக்கும் நடிகரும்

முதல் திரைக்கதையை எழுதுவோர், தமக்குப் பிடித்த நடிகரை மனத்தில் வைத்து எழுதுவதில் தவறில்லை. கோவைக்காரரான சத்யராஜை நினைத்தவுடனேயே நக்கல் கலந்த ஒரு குரல் காதில் விழும், வசனம் எழுத அது பெரிய துணை. ஆனால் எழுதி முடித்ததும், நடிப்புப் பழக்கமே இல்லாத நண்பர் ஒருவரை அவ்வசனத்தை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அப்போது வசனம் படுத்துவிட்டால், நீங்கள் எழுதியது நடிகரைத்தான், பாத்திரத்தை அல்ல. உதாரணமாக, பவானியில் ஜமக்காளம் நெய்பவர், கடன் கொடுத்தவரிடம் "அடுத்த வாரம் குடுத்தர்றனுங்க" என்று சொல்லும்போது அவர் கை தறியை விட்டு விலகாததையும் சேர்த்து எழுதுங்கள். அந்தக் காட்சி யார் நடித்தாலும் நிற்கும். நீளத்தைப் பொறுத்தவரை, திரைக்கதையின் ஒரு பக்கம் திரையில் ஏறத்தாழ ஒரு நிமிடம் என்பது வழக்கமான கணக்கு. இரண்டு மணி நேரப் படத்துக்கு 120 பக்கங்கள் போதும்.