ஐரோப்பாவில் சம்பளத்துடன் பிஎச்.டி.: முதலில் பார்க்க வேண்டிய விதி

அறிவியல், பொறியியலில் பிஎச்.டி. செய்ய ஐரோப்பா போக நினைப்பவர்கள் ஐரோப்பிய ஆய்வு வேலைகளுக்கான யூராக்ஸஸ் (EURAXESS) இணையதளத்தில் ‘மேரி கியூரி டாக்டோரல் நெட்வொர்க்’ என்று தேடிப் பாருங்கள். பல நாட்டு நிறுவனங்கள் கூட்டாக நடத்த, ஐரோப்பிய ஒன்றியம் பணம் தரும் பிஎச்.டி. இடங்கள் இவை. எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். வயது வரம்பு கிடையாது. பொதுவாக வேலை ஒப்பந்தமே போடுவார்கள். வரிப் பிடித்தம் உண்டு, அதனால் விளம்பரத்தில் உள்ள தொகை அப்படியே கைக்கு வராது.

பலர் கோட்டை விடுவது இடப்பெயர்வு விதியில்தான். பணியில் சேரும் நாளுக்கு முந்தைய 36 மாதங்களில், பணியில் சேரப் போகும் நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வசித்தோ, படித்தோ, வேலை பார்த்தோ இருக்கக் கூடாது. ஜெர்மனியில் இரண்டு வருடம் எம்.எஸ். படித்த கையோடு ஜெர்மனி இடத்துக்கே போட்டால், மதிப்பெண் எவ்வளவு இருந்தாலும் தள்ளிவிடுவார்கள். அதே நெட்வொர்க்கில் வேறு நாட்டு இடங்களும் இருக்கும். அவற்றுக்குத் தாராளமாகப் போடலாம். சென்னையிலிருந்து நேரே போகிறவர்களுக்கு இந்தச் சிக்கலே இல்லை. சுற்றுலா போய்வந்த நாள்களும் கணக்கில் வராது. ஏற்கெனவே முனைவர் பட்டம் வாங்கியவர்களுக்கு இடமில்லை.

இன்னொன்று: டிசி 1, டிசி 2 (டிசி என்றால் டாக்டோரல் கேண்டிடேட், அதாவது பிஎச்.டி. ஆய்வாளர்) என ஒவ்வொரு இடத்துக்கும் பெரும்பாலும் எண் இருக்கும். விண்ணப்பக் கடிதத்தில் அந்த எண்ணையும், அந்த ஆய்வில் உங்களுக்குத் தெரிந்த கருவி அல்லது மென்பொருளையும் குறிப்பிடுங்கள்.