நீண்டுபோன ஃபில்டர் மெனுவைச் சீர்படுத்துவது எப்படி?

போட்டோஷாப்பில் ஃபில்டர்கள் (படத்தின் தோற்றத்தை மாற்றும் சிறு கருவிகள்) சேரச் சேர, மெனு திரையின் அடிவரை நீண்டுவிடும். வேண்டியதைத் தேடுவதற்குள் என்ன செய்ய வந்தோம் என்பதே மறந்துபோகும். இதைச் சரிசெய்ய நினைப்பவர்கள் பெரும்பாலும் பிளகின் (மென்பொருளோடு கூடுதலாகச் சேர்க்கும் சிறு நிரல்) ஃபோல்டருக்குள் போய், 'கூர்மை', 'ஓவியம்', 'ஒளி' என்று துணை ஃபோல்டர்கள் போட்டு ஃபைல்களைப் பிரித்து வைப்பார்கள். போட்டோஷாப்பை மறுபடி திறந்தால் மெனு பழையபடியேதான் இருக்கும்.

காரணம், ஒரு ஃபில்டர் எந்தத் தலைப்பின் கீழ், என்ன பெயரில் வர வேண்டும் என்பது அந்த ஃபைலுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. 'பிப்பிள்' என்று அழைக்கப்படும் ஒரு சிறு தகவல் பகுதி அது. மெனு அதைத்தான் படிக்கிறது. நீங்கள் போட்ட ஃபோல்டர் பெயரோ, மாற்றிய ஃபைல் பெயரோ அதற்குப் பொருட்டல்ல. ஆகவே வட்டில் ஃபைல்களை அடுக்குவது ஒரு வேலை, மெனுவை அடுக்குவது இன்னொரு வேலை. இரண்டையும் கலக்காமல் தனித்தனியே செய்ய வேண்டும்.

முதலில், உங்களிடம் இருப்பது என்ன?

விண்டோஸில் ஃபில்டர் ஃபைல்களின் பெயர் '8பிஎஃப்' என்ற நீட்சியில் முடியும். மேக்கில் '.பிளகின்' என்று முடியும். இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. விண்டோஸுக்கான ஃபில்டர் மேக்கில் வேலை செய்யாது.

அடுத்து, ஃபில்டர் 32 பிட்டா (பழைய வகை) 64 பிட்டா (புதிய வகை) என்று பார்க்க வேண்டும். ஃபில்டர் மெனுவில் வரவில்லை என்ற புகாருக்கு அடிக்கடி காரணமாவது இதுதான். 64 பிட் போட்டோஷாப், 32 பிட் ஃபில்டரைக் கண்டுகொள்ளவே செய்யாது. பெரும்பாலும் எச்சரிக்கைகூடத் தராது. விண்டோஸில் 64 பிட் பதிப்பு 2008இல் சிஎஸ்4 உடன் வந்தது. மேக்கில் 2010இல் சிஎஸ்5 உடன். அதற்கு முன் வெளியான ஃபில்டர்கள் கிட்டத்தட்ட எல்லாமே 32 பிட்தான்.

ஃபைல் பெயரில் '64' என்று இருந்தால் சந்தேகம் இல்லை. இல்லாவிட்டால் ஃபைலை நோட்பேடில் திறந்து பாருங்கள். புரியாத குறிகளுக்கு நடுவே, தொடக்கத்திலேயே, பெரிய எழுத்தில் 'பிஇ' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் தெரியும். அவற்றை அடுத்து பெரிய 'எல்' வந்தால் 32 பிட். சிறிய 'டி' வந்தால் 64 பிட். பார்த்ததும் சேமிக்காமல் மூடிவிடுங்கள். சேமித்தால் ஃபைல் கெட்டுவிடும்.

32 பிட் என்று தெரிந்தவற்றை அழிக்க வேண்டியதில்லை. படம் பார்க்கும் மென்பொருளான இர்ஃபான்வியூவின் 32 பிட் பதிப்பு, அதற்கான பிளகின் தொகுப்பும் இருந்தால், 8பிஎஃப் ஃபில்டர்களை ஓட்டும். படத்தை அங்கே திறந்து ஃபில்டரைப் போட்டு, டிஃப் வடிவில் சேமித்துவிட்டுப் போட்டோஷாப்புக்குத் திரும்பலாம். மிகப் பழைய ஃபில்டர்கள், குறிப்பாக 'ஃபில்டர் ஃபேக்டரி' கருவியில் செய்யப்பட்டவை, எம்எஸ்விசிஆர்டி10, பிளகின் என்ற இரண்டு டிஎல்எல் ஃபைல்களை (விண்டோஸ் நிரல்களுக்கான துணை ஃபைல்கள்) தேடும். அவை கிடைக்காவிட்டால் திறக்காது. நம்பகமான இடத்திலிருந்து எடுத்து, ஃபில்டரை ஓட்டும் மென்பொருளின் ஃபோல்டரிலேயே அவற்றை வைத்தால் போதும்.

எங்கே வைப்பது?

போட்டோஷாப் இரண்டு இடங்களில் தேடுகிறது. ஒன்று, ப்ரோகிராம் ஃபைல்ஸ், அடோபி, அந்தந்தப் போட்டோஷாப் பதிப்பின் ஃபோல்டர் என்று உள்ளே போனால் இருக்கும் 'பிளக்-இன்ஸ்'. இன்னொன்று, ப்ரோகிராம் ஃபைல்ஸ், காமன் ஃபைல்ஸ், அடோபி, பிளக்-இன்ஸ், சிசி என்ற பொது ஃபோல்டர். மேக்கில் இந்தப் பொது ஃபோல்டர் லைப்ரரி, அப்ளிகேஷன் சப்போர்ட், அடோபி, பிளக்-இன்ஸ், சிசி என்று இருக்கும்.

முதல் இடத்தில் வைத்தால், அடுத்த பெரிய பதிப்பு தனி ஃபோல்டரில் நிறுவப்படும்போது ஃபில்டர்கள் பழைய ஃபோல்டரிலேயே தங்கிவிடும். 'அப்டேட் செய்ததும் எல்லாம் காணாமல் போய்விட்டது' என்பதன் விளக்கம் இவ்வளவுதான். பொது ஃபோல்டரில் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. பழைய பதிப்பின் பிளக்-இன்ஸ் ஃபோல்டரை அப்படியே தூக்கிப் புதியதில் போடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். அதில் போட்டோஷாப்பின் சொந்த பிளகின்களும் இருக்கும். பதிப்பு மாறிய அந்த ஃபைல்களால் மென்பொருளே முடங்கலாம்.

நாங்கள் பரிந்துரைப்பது மூன்றாவது வழி. ஃபில்டர்களை இந்த இரண்டு இடங்களிலும் நேரடியாக வைக்காமல், வேறொரு டிரைவில் 'ஃபில்டர் களஞ்சியம்' என்று ஒரு ஃபோல்டர் தொடங்குங்கள். அதற்குள் தயாரிப்பாளர் பெயரிலோ பயன்பாட்டின் பெயரிலோ ஒவ்வொரு தொகுப்புக்கும் ஒரு ஃபோல்டர். 32 பிட், 64 பிட் இரண்டையும் வெவ்வேறாகப் பிரித்துவிடுங்கள். இறக்கிய ஜிப் ஃபைல், வழிகாட்டி, உரிம எண் எழுதிய குறிப்பு ஆகியவையும் அந்தந்த ஃபோல்டரிலேயே இருக்கட்டும். பிறகு, இப்போது தேவைப்படும் தொகுப்பின் ஃபோல்டருக்கு மட்டும் ஒரு ஷார்ட்கட் உருவாக்கி, அதைப் பிளக்-இன்ஸ் ஃபோல்டரில் போடுங்கள். போட்டோஷாப் ஷார்ட்கட்டைப் பின்தொடர்ந்து போய் ஃபில்டர்களை எடுத்துக்கொள்ளும். மேக்கில் இதற்கு ஏலியஸ். ஒரு தொகுப்பு வேண்டாமென்றால் ஷார்ட்கட்டை மட்டும் நீக்குங்கள். ஃபில்டர்கள் களஞ்சியத்தில் பத்திரமாக இருக்கும். கணினி மாறினாலும் ஒரே ஒரு ஃபோல்டரை நகலெடுத்தால் முடிந்தது.

இந்த முறைக்கு ஒத்துவராதவை உண்டு. இன்ஸ்டாலர் வழியாக வரும் பெரிய தொகுப்புகள் உரிமத் தகவல், ப்ரீசெட்டுகள், துணை ஃபைல்கள் என்று பல இடங்களில் எழுதிவைக்கும். அவற்றின் 8பிஎஃப் ஃபைலை மட்டும் நகர்த்தினால் மெனுவில் பெயர் வரும், சொடுக்கினால் பிழை வரும். அவற்றை இன்ஸ்டாலர் வைத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

தற்காலிகமாக அணைக்க

ஃபைலின் அல்லது ஃபோல்டரின் பெயருக்கு முன்னால் ~ என்ற டில்டே குறியைச் சேர்த்தால் போட்டோஷாப் அதை ஏற்றாது. குறியை எடுத்தால் திரும்ப வரும். ப்ரோகிராம் ஃபைல்ஸுக்குள் பெயர் மாற்ற அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதி கேட்கும். பிளகின்கள் மென்பொருள் தொடங்கும்போதுதான் ஏற்றப்படுகின்றன என்பதால், எந்த மாற்றத்துக்குப் பிறகும் போட்டோஷாப்பை மூடித் திறக்க வேண்டும்.

இதன் உண்மையான பயன் பழுது தேடும்போதுதான் தெரியும். போட்டோஷாப் தொடங்கும்போதே முடங்குகிறது என்றால், ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு திறங்கள். கூடுதல் பிளகின்களைத் தவிர்க்கலாமா என்று கேட்கும். தவிர்த்ததும் ஒழுங்காகத் திறந்தால் குற்றவாளி ஃபில்டர்களில் ஒன்றுதான். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்காதீர்கள். பாதி ஃபில்டர்களை டில்டே போட்டு அணைத்துத் திறங்கள். முடக்கம் நின்றால் பழுது அணைத்த பாதியில்; தொடர்ந்தால் மீதிப் பாதியில். அந்தப் பாதியை மறுபடி பாதியாக்குங்கள். 40 ஃபில்டர்கள் இருந்தாலும் ஆறு முறைக்குள் பிடிபட்டுவிடும்.

மெனுவில் வராதவற்றுக்கு ஹெல்ப் மெனுவில் சிஸ்டம் இன்ஃபோவைத் திறந்து கீழே போங்கள். ஏற்றப்பட்ட பிளகின்களும், ஏற்ற முடியாமல் போனவையும் பட்டியலாக இருக்கும். ஏற்ற முடியாதவற்றில் உங்கள் ஃபில்டர் இருந்தால், மைக்ரோசாஃப்டின் விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் தொகுப்பு கணினியில் இல்லாதது ஒரு வழக்கமான காரணம். ஆப்பிள் சிலிக்கான் (ஆப்பிளின் சொந்தச் சிப்) உள்ள மேக்கில், இன்டெல் சிப்புக்காக எழுதிய பழைய பிளகின்கள் வராவிட்டால், போட்டோஷாப்பின் கெட் இன்ஃபோவில் 'ரொசெட்டா வழியாகத் திற' என்பதைத் தேர்ந்து பாருங்கள்.

மெனுவில் பெயர் இருந்தும் மங்கலாகத் தெரிகிறது என்றால் அது நிறுவல் பிரச்சினை அல்ல. பல ஃபில்டர்கள் 8 பிட் ஆர்ஜிபி படத்தில் மட்டுமே இயங்கும் (இங்கே பிட் என்பது படத்தின் நிற நுணுக்க அளவு, மேலே சொன்ன 32, 64 பிட் அல்ல). இமேஜ் மெனுவில் மோட் பகுதியைப் பாருங்கள். சிஎம்ஒய்கே, இண்டெக்ஸ்ட், 16 பிட் என்று எதிலாவது படம் இருக்கும்.

மெனுவை அடுக்குதல்

எடிட் மெனுவின் கடைசிப் பகுதியில் 'மெனுஸ்' என்று ஒன்று இருக்கிறது. விண்டோஸில் ஆல்ட், ஷிஃப்ட், கண்ட்ரோல், எம் நான்கையும் சேர்த்து அழுத்தினாலும் திறக்கும். அதில் ஃபில்டர் பிரிவை விரித்தால் ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு கண் படம். அதைச் சொடுக்கினால் அந்த வரி மெனுவிலிருந்து மறையும். பக்கத்திலேயே நிறம் கொடுக்கும் வசதியும் உண்டு. தினமும் தொடும் நான்கைந்து ஃபில்டர்களுக்கு மட்டும் நிறம் கொடுங்கள். எல்லாவற்றுக்கும் கொடுத்தால் எதுவுமே கண்ணில் படாது. முடித்ததும் ஒரு பெயரில் தொகுப்பாகச் சேமியுங்கள். முகப்படத் திருத்தத்துக்கு ஒன்று, வடிவமைப்புக்கு ஒன்று என்று வைத்து மாற்றிக்கொள்ளலாம்.

தயாரிப்பாளர் வைத்த தலைப்பு பிடிக்கவில்லை, உங்கள் பிரிவுகளில்தான் ஃபில்டர்கள் வேண்டும் என்றால், அதற்கு ஏற்றது, செய்யும் வேலைகளைப் பதிந்து திரும்ப ஓட்டும் ஆக்‌ஷன்ஸ் பேனல். 'கூர்மை' என்று ஒரு செட் தொடங்குங்கள். புதிய ஆக்‌ஷன் ஒன்றைப் பதியத் தொடங்கி, பேனல் மெனுவில் 'இன்செர்ட் மெனு ஐட்டம்' தேர்ந்து, ஃபில்டரைச் சொடுக்கி, பதிவை நிறுத்துங்கள். இப்படிச் செய்த ஆக்‌ஷன், ஃபில்டரின் அமைப்புப் பெட்டியை ஒவ்வொரு முறையும் திறக்கும். பழைய அளவுகளைத் திணிக்காது. பேனலைப் பட்டன் மோடில் வைத்தால் நீங்கள் வைத்த பெயரிலேயே பொத்தான்கள் கிடைக்கும்.

2020இன் பிற்பகுதியில் வந்த பதிப்பிலிருந்து 'பிளகின்ஸ்' என்று தனி மெனுவும் இருக்கிறது. அதில் வருபவை வேறு வகை. கிரியேட்டிவ் கிளவுட் செயலியின் பிளகின் பகுதியில்தான் அவற்றை நிறுவவும் நீக்கவும் வேண்டும்.

மற்ற மென்பொருள்களில்

அஃபினிட்டி போட்டோவில் 8பிஎஃப் ஃபில்டர்களை ஓட்ட, அமைப்புகளில் போட்டோஷாப் பிளகின்ஸ் பகுதிக்குப் போய் உங்கள் களஞ்சியத்தின் 64 பிட் ஃபோல்டரைச் சேருங்கள். எல்லா ஃபில்டரும் ஓடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

ஜிம்ப் வேறு முறை. எடிட், ப்ரிஃபரன்சஸ், ஃபோல்டர்ஸ் என்று போனால் பிளகின்களுக்கும் ஸ்கிரிப்ட்களுக்கும் உள்ள ஃபோல்டர்கள் தெரியும்; களஞ்சியத்தில் ஜிம்ப் பிளகின்களை வைத்த ஃபோல்டரையும் அங்கேயே சேர்க்கலாம். 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில் ஒவ்வொரு பிளகினும் தன் பெயருள்ள தனி ஃபோல்டருக்குள் இருக்க வேண்டும். வெளியே தனியாகக் கிடக்கும் ஃபைலை ஜிம்ப் தொடாது. முந்தைய 2.10 பதிப்புக்காகப் பைத்தான் 2 நிரல் மொழியில் எழுதியவை இதில் ஓடவே ஓடாது. லினக்ஸில் ஃபைலுக்கு இயக்க அனுமதி கொடுக்க மறந்தால், எந்த அறிகுறியும் இல்லாமல் மெனுவில் வராமலே போகும்.

பெயிண்ட்.நெட்டில் ஃபில்டர்கள் டிஎல்எல் வடிவில் வரும். அவற்றை அந்த மென்பொருளின் 'எஃபெக்ட்ஸ்' ஃபோல்டரில் போட வேண்டும். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் வாங்கிய பதிப்பென்றால் இடம் மாறும்: டாக்குமெண்ட்ஸுக்குள் 'பெயிண்ட்.நெட் ஆப் ஃபைல்ஸ்' என்ற ஃபோல்டரை நீங்களே உருவாக்கி, அதற்குள் எஃபெக்ட்ஸ் ஃபோல்டரைப் போட்டு, அங்கே வைக்க வேண்டும்.