லினக்ஸில் டாங்கிள் வேலை செய்யவில்லையா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

சிம் போட்டு மொபைல் இணையம் தரும் மோடமான யூஎஸ்பி டாங்கிளைச் செருகியும் இணையம் வரவில்லை என்றால், பலரும் உடனே டிரைவர் (கருவியை இயக்கும் மென்பொருள்) தேடத் தொடங்குகிறார்கள். லினக்ஸில் இது பெரும்பாலும் வீண் அலைச்சல். ஹுவாவே, இசட்டிஇ டாங்கிள்கள் பலவற்றுக்கு வேண்டிய டிரைவர் லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலிலேயே இருக்கிறது. எந்தக் கட்டத்தில் வேலை நிற்கிறது என்று பார்க்காமல் கண்டதை நிறுவினால், இருக்கிற சிக்கலோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும்.

மிக அதிகமாகத் தடுக்கி விழும் இடம் முதல் கட்டம்தான். இந்த டாங்கிள்களில் பல, செருகியவுடன் மோடமாக எழுந்து நிற்பதில்லை. விண்டோஸ் மென்பொருள் அடங்கிய ஒரு சிடி டிரைவாகத் தங்களைக் காட்டிக்கொள்கின்றன. விண்டோஸில் அந்த மென்பொருளே ஒரு கட்டளையை அனுப்பி மோடம் நிலைக்கு மாற்றிவிடும். லினக்ஸில் அந்த வேலையை யூஎஸ்பி மோட்ஸ்விட்ச் (usb_modeswitch) என்ற நிரல் செய்ய வேண்டும். இது தெரியாமல், திரையில் தோன்றும் சிடிக்குள் லினக்ஸ் என்று ஒரு ஃபோல்டரைப் பார்த்ததும் அதிலுள்ள நிறுவியை ரூட் (முழு நிர்வாகி) அனுமதியோடு ஓட்டாதீர்கள். அது பழைய கெர்னல்களுக்காக எழுதப்பட்டதாக இருக்கும்.

டெர்மினலில் எல்எஸ்யூஎஸ்பி (lsusb) கட்டளையைக் கொடுத்து டாங்கிளின் அடையாள எண்ணைப் பாருங்கள். பல ஹுவாவே டாங்கிள்களில் எண்ணின் பின்பாதி 1446 என்றிருந்தால், அது இன்னும் சிடி நிலையில் இருக்கிறது என்று பொருள். சற்றுப் பொறுத்து மறுபடி பார்த்தாலும் அதே எண்தானா? அப்படியானால் மோட்ஸ்விட்சையும் அதன் தரவுத் தொகுப்பையும் நிறுவுங்கள், இரண்டுமே வேண்டும். அதற்கு இணையம் வேண்டுமே என்றால், ஃபோனை யூஎஸ்பி டெதரிங்கில் இணைத்துக்கொள்ளலாம்.

செருகும்போது கெர்னல் என்ன சொல்கிறது என்பதை டிமெசேஜ் (dmesg) கட்டளையில் பார்க்காமல் விடுவதும் பெரிய தவறு. டாங்கிள் இணைவதும் துண்டிப்பதுமாக வரிகள் மாறி மாறி வந்தால், மின்சாரம் போதவில்லையோ என்று முதலில் சந்தேகப்படுங்கள். யூஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லிஆம்பியர். சிக்னல் அனுப்பும் நேரத்தில் மோடம் திடீரென்று அதிகம் இழுக்கும். அடாப்டர் இல்லாத ஹப்பையும் நீளமான நீட்சிக் கேபிளையும் கழற்றிவிட்டு, கணினியின் பின்பக்க போர்ட்டில் நேராகச் செருகிப் பாருங்கள்.

அடுத்தது, ஒரே மோடத்துக்கு இரண்டு பேர் போட்டி போடுவது. இணைய இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க் மேனேஜருக்குத் துணையாக மோடம் மேனேஜர் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும். அதே நேரத்தில் பழைய வழிகாட்டியைப் பார்த்து டயல் செய்யும் நிரலான டபிள்யூவி டயலையும் (wvdial) ஓட்டினால், போர்ட் பிஸி என்று பிழை வரலாம். ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நெட்வொர்க் மேனேஜரே போதும் என்பேன். டபிள்யூவி டயல்தான் வேண்டுமென்றால், டிடிஒய் யூஎஸ்பி0 (ttyUSB0) என்று போர்ட்டின் பெயரை நிரந்தரமாக எழுதி வைக்காதீர்கள். கழற்றிச் செருகினால் அந்த எண் மாறக்கூடும். போர்ட்டைத் திறக்க அனுமதி இல்லை என்று வந்தால், உபுண்டு, டெபியன் போன்றவற்றில் உங்கள் பயனரை டயல்அவுட் (dialout) குழுவில் சேர்த்துவிட்டு, வெளியேறி மறுபடி உள்நுழையுங்கள்.

சில ஹுவாவே டாங்கிள்கள் ஹைலிங்க் வகை. அவை கணினிக்கு ஒரு நெட்வொர்க் கார்டாகவே தெரியும், டயல் செய்ய எதுவும் இல்லை. பெரும்பாலும் பிரவுசரில் 192.168.8.1 என்று கொடுத்தால் அமைப்புப் பக்கம் திறக்கும்.

மோடம் தெரிகிறது, ஆனால் இணையம் மட்டும் வரவில்லை என்றால் லினக்ஸைக் குறை சொல்லாமல் சிம் பக்கம் திரும்புங்கள். சிம்முக்கு PIN (ரகசிய எண்) பூட்டு இருக்கிறதா? இருந்தால் ஊகித்துப் போடாதீர்கள், மூன்று முறை தவறினால் பூட்டைத் திறக்கும் பியூகே (PUK) எண்ணைக் கேட்கும். ஏபிஎன் (APN) என்ற இணைய நுழைவுப் பெயர் உங்கள் சிம் நிறுவனத்துக்கு உரியதுதானா என்றும் சரிபாருங்கள். அப்புறம், 3ஜி டாங்கிளில் ஜியோ சிம்மைப் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்களும் உண்டு. ஜியோவுக்கு 2ஜி, 3ஜி சேவை தொடக்கத்திலிருந்தே கிடையாது. ஏர்டெல்லும் 2020இல் 3ஜியை நிறுத்திவிட்டது. அந்த டாங்கிளில் எந்த அமைப்பை மாற்றியும் இவற்றின் வேகமான இணையம் கிடைக்காது, 4ஜி டாங்கிள்தான் வாங்க வேண்டும்.