கிடா வெட்டுக்கு முன்னால் ஸ்கேன்

மூன்று வார லீவில் ஊருக்குப் போகிறவர்கள் முதல் வாரத்திலேயே அப்பா அம்மாவுக்கு வயிற்று ஸ்கேன் எடுத்துவிடுங்கள். நான் ஆறாம் நாள்தான் எடுத்தேன். வலது விலாவுக்குக் கீழே ஒரு கையை ஊன்றிக்கொண்டேதான் அம்மா தோசை ஊற்றினாள். கேட்டால், "கேஸ்டா." ஈரலுக்குள் 11 செ.மீ. நீர்க்கட்டி இருந்தது.

ஹைடாடிட் கட்டி என்றார் டாக்டர். நாயின் குடலில் இருக்கும், ஒரு சென்டிமீட்டர்கூட வளராத நாடாப்புழுதான் காரணம். அதன் முட்டை நாயின் மலத்தோடு வந்து மண்ணிலும் கீரையிலும் நாயின் ரோமத்திலும் ஒட்டிக் கிடக்கும். நம் வாய்க்குள் போனால் குடலில் பொரிந்து, குடல்சுவரைத் துளைத்து, ரத்தத்தோடு முதலில் ஈரலுக்குத்தான் போய்ச் சேரும். வருஷக்கணக்கில் வலியே தெரியாது. பெரிதாகிப் பித்தக்குழாயை அழுத்தினால் மஞ்சள் காமாலை வரும். உடைந்தால் உள்ளிருக்கும் நீர் கடும் ஒவ்வாமையைக் கிளப்பி உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் யாராவது "ஊசி போட்டு நீரை உறிஞ்சிடலாம்" என்றால் உடனே தலையாட்டாதீர்கள். அப்படி எடுக்கும் முறை உண்டு. கைதேர்ந்தவர்கள், அல்பென்டசோல் என்ற பூச்சி மாத்திரை கொடுத்துக்கொண்டு செய்ய வேண்டியது அது. பள்ளிக்கூடத்தில் தரும் ஒற்றைப் பூச்சி மாத்திரைக்கு இந்தக் கட்டி அடங்காது.

மாத்திரையைத் தொடங்கிவைத்து, ஆபரேஷனுக்குத் தேதியும் கொடுத்தார்கள். மாமா விடவில்லை. "குலசாமிக்குக் கிடா நேர்ந்திருக்கு மாப்ள. அதுக்கு முன்னாடி அக்கா உடம்புல கத்தி படக்கூடாது." செலவு என்னுடையது என்பதும் அவரே எடுத்த முடிவு. இரண்டு நாள் கத்தினேன். பதினாலு வருஷமாக அம்மாவைப் பார்த்துக்கொண்டது அவர்தான். அதற்கு மேல் என்னால் பேச முடியவில்லை. கிடைத்த தேதி போயிற்று. அடுத்த தேதி என் டிக்கெட்டுக்கு நாலு நாள் தள்ளி.

கிடா வெட்டில் ஓர் ஆட்டின் ஈரலில் எலுமிச்சை அளவில் வெளுப்பாக நீர்க்கட்டிகள். அறுத்தவர் அந்த இடத்தை மட்டும் வெட்டி வேலியோரம் வீசினார். மூன்று நாய்கள் பாய்ந்தன. கறி தின்பதால் இந்த நோய் நமக்கு வராது. கட்டியுள்ள ஈரலைத் தின்ற நாய்க்குப் புழு வரும், நாயிடமிருந்து நமக்கு. நான் ஓடிப்போய் மிச்சத்தை மண்வெட்டியால் குழி தோண்டிப் புதைத்தேன். எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். நீங்களும் புதையுங்கள்.

"வீட்டில் நாய் உண்டா?" என்று டாக்டர் கேட்டபோது அம்மா சொன்னாள்: "இவன் ஊரை விட்டுப் போன வருஷம் ஒரு குட்டி வந்துச்சு. சாப்பிடறப்ப பக்கத்துல ஒரு உசிரு வேணும்ல." அதற்குப் பிறகு வந்தது மணி. ஒரே தட்டில்தான் இரண்டு பேருக்கும் சோறு.

ஆபரேஷன் நடந்தபோது நான் ஆபீஸ் படிக்கட்டில் போனோடு உட்கார்ந்திருந்தேன். நல்லபடியாக முடிந்தது.

மணியை விரட்டச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்கு வருஷத்துக்கு நாலு முறையாவது பிராசிகுவாண்டெல் என்ற நாடாப்புழு மாத்திரை கொடுக்கச் சொன்னார் கால்நடை டாக்டர். தனித்தட்டு வாங்கி வைத்துவிட்டு வந்தேன். மாத்திரை நாளன்று மாமாவுக்கு நான்தான் போன் செய்கிறேன்.